டிஸ்மிஸ் ஆன வழக்குக்கு நாடுகடத்தல் நோட்டீஸா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். உங்கள் அக்கா பையன் 1999-இல் பிறந்தவன். அப்பா 2006-லேயே எச்-1பி விசாவில் கலிபோர்னியா வந்துவிட்டார். அம்மாவும் பையனும் 2010-இல் எச்-4 விசாவில் வந்து சேர்ந்தார்கள். 2016-இல் மூவருக்கும் கிரீன் கார்டு. 2019 அக்டோபரில், கல்லூரியில் படிக்கும்போது, காரில் போதை மாத்திரை வைத்திருந்ததாகப் பிடிபட்டான். மாநிலக் கோர்ட்டில் "நோ கான்டெஸ்ட்", அதாவது குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை என்று சொன்னான். ஜெயில் இல்லை, புரொபேஷன் (நிபந்தனைகளோடு வெளியே விடுவது) மட்டும். அது முடிந்ததும் அதே கோர்ட் வழக்கை டிஸ்மிஸ் செய்துவிட்டது. பெற்றோர் 2022-இல் குடியுரிமை வாங்கினார்கள். அவனும் விண்ணப்பித்தான். குடியுரிமைக்குப் பதிலாக, குடியேற்ற நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. "மாநிலமே மூடிய வழக்கை மத்திய அரசு எப்படித் திறக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சின்னது: திறக்கலாம், தினமும் திறக்கிறார்கள். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது, பையனுக்கு முக்கியம் அதுதான். அவனை நாடுகடத்தச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்பது ஒன்று. இடமிருந்தாலும், "என்னை விட்டுவிடுங்கள்" என்று நீதிபதியிடம் நிவாரணம் கேட்கும் தகுதி அவனுக்கு மிச்சமிருக்கிறதா என்பது வேறொன்று. இரண்டுக்கும் விதிகள் வேறு, நிரூபிக்கும் பொறுப்பு விழுகிற ஆளும் வேறு. மாநிலத்துப் போதைப்பொருள் வழக்கு ஒன்று முதல் கேள்வியில் ஆளைச் சிக்கவைத்துவிட்டு, இரண்டாவதில் விட்டுவிடுவதும் உண்டு. பையன் அந்த வகையில் விழலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பதினைந்து வருஷமாகக் கலிபோர்னியாவில் இந்த வழக்குகளை நடத்துகிறேன். பையனின் கோர்ட் காகிதங்களை நான் பார்க்கவில்லை. இந்தத் துறையில் அது சின்னக் குறை இல்லை. அதனால் சட்டம் உறுதியாக இருக்கும் இடத்தையும் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிற இடத்தையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் டிஸ்மிஸ் விஷயம். 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் குடியேற்றச் சட்டத்தை மாற்றி எழுதியபோது, குற்றத்தீர்ப்பு என்றால் என்ன என்பதற்குத் தனக்கென ஒரு விளக்கம் வைத்துக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டோ, நோ கான்டெஸ்ட் சொல்லியோ இருந்து, அதன்மேல் நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ போட்டால் அது குற்றத்தீர்ப்பு. புரொபேஷனும் கட்டுப்பாடுதான். பிறகு மாநிலம் அதை அழித்தாலும் மன்னித்தாலும், குடியேற்றக் கணக்கில் அது அழியாது. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1999-இல் இதை அப்படியே உறுதிப்படுத்தியது. கலிபோர்னியா அடங்கிய ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மட்டும் சில காலம் இளகியிருந்தது: முதல் தடவை, வெறுமனே வைத்திருந்த குற்றம், பிறகு அழிக்கப்பட்டது என்றால் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது. 2011 ஜூலை 14-ஆம் தேதி அந்த நீதிமன்றமே அந்தக் கதவை மூடியது. அதற்கு முன் ஒப்புக்கொண்டவர்களுக்கு இன்றும் அது உதவும். 2019-இல் ஒப்புக்கொண்ட பையனுக்கு உதவாது. 2014-இல் வாக்கெடுப்பு மூலம் கலிபோர்னியா இந்தக் குற்றத்தைச் சிறுகுற்றமாகக் குறைத்ததே என்று கேட்பீர்கள். நாடுகடத்தல் சட்டத்தில் போதைப்பொருளுக்குச் சிறுசு பெருசு கிடையாது. ஒரே தடவை, சொந்த உபயோகத்துக்கு, 30 கிராமுக்குள் கஞ்சா என்ற ஒரு விலக்கைத் தவிர, எந்த மருந்தாக இருந்தாலும், ஒரு நாள்கூட உள்ளே இல்லாவிட்டாலும், நாடுகடத்த அது போதும்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் தருகிற ஒரு விஷயம் உண்டு. 2018 ஜனவரியிலிருந்து கலிபோர்னியாவில், பெரிய குற்றப் பின்னணி இல்லாதவர்களுக்கு, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே சிகிச்சை வகுப்புக்குப் போய் வழக்கை முடித்துக்கொள்ளும் வழி இருக்கிறது. ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால் குற்றத்தீர்ப்பும் இல்லை. பையனின் வழக்கு 2019. அந்த வழியை ஏன் எடுக்கவில்லை? வக்கீல் சொல்லவில்லையா, அவனுக்குத் தகுதி இல்லையா, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று வீட்டில் அவசரப்பட்டார்களா? இதை இப்போதே விசாரித்து வையுங்கள். கீழே இதற்குத் திரும்பி வருவேன்.

சரி, குற்றத்தீர்ப்பு இருக்கிறது. உடனே நாடுகடத்தல் நிரூபணமாகிவிட்டதா? இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரை நாடுகடத்த, காரணத்தை அரசாங்கம்தான் தெளிவான ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். பையன் உண்மையில் என்ன செய்தான் என்று குடியேற்ற நீதிபதி விசாரிக்க மாட்டார். எந்தச் சட்டப் பிரிவில் தீர்ப்பு, அந்தப் பிரிவு எதையெல்லாம் குற்றம் என்கிறது என்றுதான் பார்ப்பார். மத்திய அரசிடம் போதைப்பொருள் பட்டியல் ஒன்று, ஒவ்வொரு மாநிலத்திடமும் தனிப் பட்டியல். பல மாநிலங்களின் பட்டியல் மத்தியப் பட்டியலைவிட நீளம். மாநிலப் பிரிவு அந்த நீளமான பட்டியலைச் சுட்டுகிறது, எந்தப் பொருள் என்று தீர்ப்பில் இல்லை என்றால், அது மத்தியப் பட்டியலில் உள்ள பொருள்தான் என்று அரசாங்கம் எப்படி நிரூபிக்கும்?

இதை விளக்க மெல்லூலி வழக்கைவிட நல்ல கதை கிடையாது. துனீசியாவிலிருந்து வந்து கிரீன் கார்டு வாங்கிய கணித ஆசிரியர். கான்சாஸ் மாநிலத்தில் காலுறைக்குள் நான்கு அடரால் (ஆம்ஃபெட்டமின் வகை மருந்து) மாத்திரைகளோடு பிடிபட்டார். போதைப்பொருளை மறைத்துவைக்கும் சாதனம் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். சாதனம் என்பது அந்தக் காலுறைதான்! மத்தியப் பட்டியலில் இல்லாத ஒன்பது பொருளாவது அன்றைய கான்சாஸ் பட்டியலில் இருந்தது. தீர்ப்பில் எந்தப் பொருள் என்று இல்லை. 2015-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் வைத்திருந்தது அடரால் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் தீர்ப்புக் காகிதம் அதைச் சொல்லவில்லை.

கலிபோர்னியாவின் பட்டியலும் மத்தியப் பட்டியலைவிட அகலமானதுதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல். கலிபோர்னியாவில் எந்தப் பொருள் என்பது குற்றத்தின் ஒரு அங்கம் என்று ஒன்பதாவது வட்டாரம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. அதனால் நீதிபதி ஒரு படி உள்ளே போய், வழக்குக் கோப்பில் எந்த மருந்தின் பெயர் இருக்கிறது என்று பார்க்கலாம். அங்கே மெத்தாம்பெட்டமின் என்றோ ஆம்ஃபெட்டமின் என்றோ எழுதி, அதைத்தான் ஒப்புக்கொண்டான் என்றிருந்தால், முதல் கேள்வியில் அரசாங்கம் பெரும்பாலும் ஜெயிக்கும். நீங்கள் "போதை மாத்திரை" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது அந்த மாத்திரையின் பெயர், அதுவும் பையன் சொல்கிற பெயரோ போலீஸ் சொல்கிற பெயரோ அல்ல, கோர்ட் கோப்பில் உள்ள பெயர்.

எந்தக் காகிதங்களைப் பார்க்கலாம் என்பதிலும் வரம்பு உண்டு. குற்றப்பத்திரிகை, ஒப்புதல் படிவம், ஒப்புக்கொண்டபோது நீதிபதியோடு நடந்த உரையாடலின் பதிவு, தீர்ப்பு, அவ்வளவுதான். போலீஸ் அறிக்கையைப் பொதுவாகப் பார்க்கக் கூடாது. ஆனால் ஒப்புதல் படிவத்தில் "இதற்கான உண்மை அடிப்படை போலீஸ் அறிக்கையில் உள்ளது, அதை ஏற்கிறேன்" என்று ஒரு கட்டம் இருக்கும். யோசிக்காமல் அதில் சின்னக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த அறிக்கையும் உள்ளே வந்துவிடும். இரண்டு வருஷம் போராடி, கடைசியில் அந்த ஒரு கட்டத்தில் தோற்ற வழக்கு என் கையிலேயே உண்டு.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். மருந்தின் பெயர் கோப்பில் இருக்கிறது, நாடுகடத்தத் தக்கவன் என்று முடிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நீண்ட நாள் கிரீன் கார்டில் இருப்பவருக்கு "கேன்சலேஷன் ஆஃப் ரிமூவல்" (நாடுகடத்தலை ரத்து செய்வது) என்று ஒரு நிவாரணம் இருக்கிறது, எங்கள் பேச்சில் 42ஏ. அதற்கு மூன்று நிபந்தனைகள். கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஏதோ ஒரு விசாவில் முறையாக உள்ளே வந்தபின் ஏழு வருஷம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அக்ரவேட்டட் ஃபெலனி (குடியேற்றச் சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கும் குற்றங்களின் பட்டியல்) எனப்படும் வகையில் எந்தக் குற்றத்தீர்ப்பும் இருக்கக் கூடாது.

ஏழு வருஷக் கணக்கில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். போதைப்பொருள் குற்றம் செய்த தேதியிலேயே அந்தக் கடிகாரம் நின்றுவிடும். பிடிபட்ட தேதியோ தீர்ப்புத் தேதியோ அல்ல, குற்றம் நடந்த நாள். பையனின் கடிகாரம் கிரீன் கார்டு வந்த 2016-இல் தொடங்கவில்லை, எச்-4 விசாவில் இறங்கிய 2010-இல் தொடங்குகிறது. அன்றிலிருந்து 2019 அக்டோபர் வரை ஒன்பது வருஷத்தைத் தொடுகிறது. தாண்டிவிட்டான். இதே பையன் 2016-இல் மாட்டியிருந்தால் ஆறு வருஷம்தான், கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்பா 2006-லேயே வந்தாரே, அந்த வருஷங்கள் பிள்ளைக்குச் சேராதா என்று சிலர் கேட்பார்கள். சேராது. 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் சொன்ன விஷயம் இது. ஐந்து வருஷக் கணக்கில் குற்றத் தேதி குறுக்கே வராது என்பதால் அதுவும் 2021-லேயே நிறைவேறிவிட்டது. பெற்றோர் குடியுரிமை வாங்கியபோது பையனுக்குப் பதினெட்டு வயது ஆகாமல், கிரீன் கார்டோடு அவர்களுடன் இருந்திருந்தால் அவன் தானாகவே குடிமகன் ஆகியிருப்பான், இந்த நோட்டீஸே செல்லாது. ஆனால் 2022-இல் அவனுக்கு இருபத்திரண்டு தாண்டிவிட்டது. தேதிகளை ஒருமுறை சரிபாருங்கள், அவ்வளவே.

மூன்றாவது நிபந்தனைதான் போதைப்பொருள் வழக்குகளின் மையம். அக்ரவேட்டட் ஃபெலனி என்ற பெயரைப் பார்த்துப் பயங்கரமான ஏதோ என்று நினைக்காதீர்கள், நினைக்காமலும் இருக்காதீர்கள். மாநிலம் சிறுகுற்றம் என்று வைத்திருப்பதுகூட அதற்குள் விழலாம். மாநிலம் பெருங்குற்றம் என்று சொன்னது அதிலிருந்து தப்பலாம். போதைப்பொருளில் இந்தப் பட்டம் கடத்தலுக்கும் விற்பனைக்கும் உரியது. வெறுமனே வைத்திருந்ததை மாநிலம் பெருங்குற்றமாக வைத்திருந்தாலும், மத்தியச் சட்டத்தில் அது பெருங்குற்றமாக இருந்தால்தான் கணக்கு என்று 2006-இல் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010-இல் டெக்சாஸிலிருந்து கராச்சுரி-ரொசெண்டோ வழக்கு. முதலில் கொஞ்சம் கஞ்சா, இரண்டாவது தடவை மருத்துவர் சீட்டில்லாமல் ஒரே ஒரு ஸானக்ஸ் (பதற்றத்துக்கான மருந்து) மாத்திரை. இரண்டு தடவை என்பதால் இது அக்ரவேட்டட் ஃபெலனி என்று அரசாங்கம் வாதாடியது. முதல் குற்றத்தைக் காட்டி இரண்டாவதில் தீர்ப்பு வாங்கவில்லையே, அப்படியென்றால் இல்லை என்று ஒன்பது நீதிபதிகளும் சொன்னார்கள். 2013-இல் மான்க்ரீஃப்: மூன்று வயதில் ஜமைக்காவிலிருந்து வந்தவர், ஜார்ஜியாவில் காரில் 1.3 கிராம் கஞ்சா. ஆனால் அவர் ஒப்புக்கொண்டது "விநியோகிக்கும் நோக்கத்தோடு வைத்திருந்தேன்" என்ற பிரிவை. அந்தப் பிரிவு, காசு வாங்காமல் நண்பனுக்கு ஒரு துளி கொடுப்பதையும் உள்ளடக்கும். மத்தியச் சட்டத்தில் அது சிறுகுற்றம். எனவே அக்ரவேட்டட் ஃபெலனி இல்லை. அவர் அதனால் அங்கேயே விடுதலையாகிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். நாடுகடத்தத் தக்கவர்தான், ஆனால் நிவாரணம் கேட்கும் வாசல் திறந்தது.

அப்படியானால் அக்கா பையன் ஒப்புக்கொண்டது வெறும் வைத்திருந்த குற்றம் மட்டும்தான் என்றால், அரிதான சில விதிவிலக்குகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 42ஏ அவனுக்குத் திறந்திருக்கிறது. "விற்க வைத்திருந்தான்" என்ற பிரிவு அந்தக் காகிதத்தில் இருந்தால் நான் இவ்வளவு தெம்பாகப் பேச மாட்டேன்.

இங்கேதான் நிரூபிக்கும் பொறுப்பு கை மாறுகிறது, அனுபவமுள்ள குற்றவியல் வக்கீல்களே கோட்டைவிடும் இடமும் இதுதான். முன்பெல்லாம் கலிபோர்னியாவில் கெட்டிக்கார வக்கீல்கள் ஒப்புதல் படிவத்தில் மருந்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள், "ஒரு கட்டுப்படுத்தப்பட்ட பொருள்" என்று மட்டும் எழுதுவார்கள். நாடுகடத்தல் கேள்வியில் அந்த வெற்றிடம் அரசாங்கத்துக்குத்தான் பிரச்சினை. ஆனால் நிவாரணம் கேட்கும்போது, எனக்குத் தகுதி இருக்கிறது என்று நிரூபிப்பது விண்ணப்பதாரர் பொறுப்பு. 2021 மார்ச்சில் பெரெய்டா வழக்கில் உச்ச நீதிமன்றம், தீர்ப்புக் காகிதம் இரண்டு பக்கமும் அர்த்தம் தருமானால் அந்தச் சந்தேகம் விண்ணப்பதாரருக்கு எதிராகப் போகும் என்று முடிவு செய்தது. அது போதைப்பொருள் வழக்கே இல்லை, நெப்ராஸ்காவில் ஆள்மாறாட்ட முயற்சி. ஆனாலும் இங்கே அதன் பாதிப்பு பெரிது. ஒரே வெற்றிடம் ஒரு மேசையில் கேடயம், அடுத்த மேசையில் பள்ளம். விற்பனைப் பிரிவில், பொருள் பெயர் இல்லாமல் ஒப்புக்கொண்ட கிரீன் கார்டுக்காரர், நாடுகடத்தல் கேள்வியில் தப்பலாம். ஆனால் வேறு காரணத்துக்காக நாடுகடத்தத் தக்கவரானால், 42ஏ கேட்கும்போது அதே வெற்றிடம் அவரை விழுங்கும். வைத்திருந்த குற்றம் மட்டுமே உள்ள பையனுக்கு இது அவ்வளவு கவலை இல்லை, பொருள் எதுவானாலும் அது அக்ரவேட்டட் ஃபெலனி ஆகாது என்பதால்.

தகுதி இருப்பதும் நிவாரணம் கிடைப்பதும் ஒன்றல்ல. 42ஏ நீதிபதியின் விருப்புரிமை. சிறுவயதில் வந்தவனா, குடும்பம் இங்கே இருக்கிறதா, வேலை, வரி, படிப்பு, திருந்தியதற்கான அடையாளம், அதற்குப்பின் வேறு வழக்கு இல்லையா என்று தராசில் வைப்பார்கள். பதினொரு வயதில் வந்தவன், ஒரே வழக்கு, பெற்றோர் குடிமக்கள். தராசு நன்றாகவே சாய்கிறது. ஆனால் நம் வீடுகளில் ஒரு பழக்கம், வெட்கத்தில் மூடி மறைப்பது. "சின்ன விஷயம், நண்பன் மாத்திரை, அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று சாட்சிக் கூண்டில் சொன்னால் நீதிபதிக்கு அது திருந்தாத அடையாளம். ஒரு தாயார் அப்படிச் சாட்சி சொல்லி, மகனே எழுந்து "அம்மா, அது என்னுடையதுதான்" என்று சொன்ன நாளை நான் மறக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது. இன்னொன்று, இந்த நிவாரணம் வாழ்நாளில் ஒரு தடவைதான்.

இதே குற்றம், கிரீன் கார்டு இல்லாத ஒருவருக்கு என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற எத்தனையோ பேர் எச்-1பி-யிலும் மாணவர் விசாவிலும் இருப்பீர்கள். ஒரு கோகெய்ன் வழக்கு, வெறுமனே வைத்திருந்தது, எச்-1பி பொறியாளர், அமெரிக்கக் குடிமகளை மணந்து இரண்டு குழந்தைகள். கிரீன் கார்டு கேட்டால் அந்தக் குற்றம் தடுக்கும், அதை விலக்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லை. 30 கிராமுக்குள் கஞ்சா, ஒரே தடவை என்றால் மட்டும் விலக்கு கேட்கலாம், அதற்கும் குடும்பத்துக்குக் கடும் கஷ்டத்தைக் காட்ட வேண்டும், அல்லது பதினைந்து வருஷம் கடந்திருக்க வேண்டும். பத்து வருஷம் இங்கே இருந்தவர்களுக்கான இன்னொரு கேன்சலேஷனும் போதைப்பொருள் குற்றத்தீர்ப்பு இருந்தால் கிடைக்காது. பலவருஷக் கிரீன் கார்டுக்காரருக்கு மன்னிப்பு உண்டு, குடிமகளின் கணவனுக்கு இல்லை. நியாயமா என்று கேட்காதீர்கள், என்னிடம் பதில் இல்லை.

புகலிடம் பெற்றவர்கள் நிலை இதற்கு நேர்மாறு. இலங்கையிலிருந்து புகலிடம் பெற்று இன்னும் கிரீன் கார்டு வாங்காத ஒருவருக்கு வைத்திருந்த குற்றம் இருந்தால், கிரீன் கார்டு கேட்கும்போதே அதை மன்னிக்கக் கோரும் தனி விலக்கு அவர்களுக்கு உண்டு. ஆனால் கடத்தினார் என்று நம்ப நியாயமான காரணம் அரசாங்கத்திடம் இருந்தால் அந்த விலக்கு இல்லை. புதிதாகப் புகலிடம் கேட்பவருக்கு அக்ரவேட்டட் ஃபெலனி முழுத் தடை. போதைப்பொருள் விற்பனை என்றால் அதைவிடச் சிறிய பாதுகாப்பும் (துன்புறுத்தல் காத்திருக்கும் நாட்டுக்கு மட்டும் அனுப்பாமல் இருப்பது) பெரும்பாலும் போய்விடும். 2002-இல் அட்டர்னி ஜெனரல் அப்படி ஒரு விதி வகுத்துவிட்டார். எந்தக் குற்றமும் தடுக்காத ஒன்றே ஒன்றுதான்: திருப்பி அனுப்பினால் சித்திரவதை நிச்சயம் என்று நிரூபித்தால் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் கீழ் அனுப்பாமல் நிறுத்திவைப்பது. "நிச்சயம்" என்றது என் மிகை, சட்டம் கேட்பது ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. ஆனால் நடைமுறையில் அதுவே மலை.

இனி 2019 தீர்ப்பையே உடைப்பது. 2010-இல் படில்யா வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தப்படலாம் என்று வக்கீல் சொல்ல வேண்டியது அவர் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. படில்யா வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகச் சேவை செய்தவர், நாற்பது வருஷம் கிரீன் கார்டில் இருந்தவர். இத்தனை வருஷம் இருக்கிறீர்கள், கவலை வேண்டாம் என்றாராம் அவர் வக்கீல். கலிபோர்னியாவில் இதற்கும் மேலே ஒரு சட்டம் 2017 முதல் இருக்கிறது. ஒப்புக்கொண்டபோது குடியேற்ற விளைவு சரியாகப் புரியவில்லை, புரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்று காட்டினால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். வக்கீல் தவறு செய்தார் என்று நிரூபிக்கக்கூட வேண்டியதில்லை. ஆனால் வெறும் வாய்ச்சொல் போதாது, அன்றைய காலத்து ஆதாரம் வேண்டும் என்று 2021-இல் மாநில உச்ச நீதிமன்றம் விவார் வழக்கில் சொன்னது. நான் மேலே கேட்ட கேள்விக்கு இங்கேதான் பயன். ஒப்புக்கொள்ளாமல் சிகிச்சை வகுப்போடு முடிக்கும் வழி அன்றைக்கு அவனுக்குத் திறந்திருந்தது என்று காட்ட முடிந்தால், விளைவு தெரிந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பான் என்பது நம்பக்கூடிய வாதம்.

இப்படிச் சட்டக் குறை காரணமாக ரத்தான தீர்ப்பைக் குடியேற்ற நீதிமன்றம் ஏற்கும். நன்னடத்தைக்காகவோ, நாடுகடத்தலிலிருந்து காப்பாற்றுவதற்காகவோ மட்டும் ரத்து செய்ததை ஏற்காது. 2003-இல் பிக்கரிங் முடிவில் வாரியம் இந்தக் கோட்டைப் போட்டது. அதனால் ரத்து உத்தரவில் காரணம் என்ன வார்த்தையில் எழுதப்படுகிறது என்பதில் கவனம் வையுங்கள். ஆளுநர் மன்னிப்பு வாங்கலாமா என்று உங்கள் பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். மன்னிப்பு சில குற்றங்களுக்கு நாடுகடத்தலைத் தடுக்கும், போதைப்பொருள் பிரிவுக்கு அந்தச் சலுகையைச் சட்டம் தரவில்லை. 2022-இல் ஜனாதிபதி அறிவித்த கஞ்சா மன்னிப்பும் மாநிலத் தீர்ப்புகளைத் தொடாது.

உறுதியில்லாத பகுதி எது என்று கேட்டால், இடம். நான் சொன்னதில் பாதி ஒன்பதாவது வட்டாரத்தின் சட்டம். மாநிலப் பட்டியல் அகலமானது என்று சட்ட வாசகத்தைக் காட்டினாலே இங்கே பொதுவாகப் போதும். டெக்சாஸும் லூசியானாவும் அடங்கிய ஐந்தாவது வட்டாரத்தில், அந்த அபூர்வப் பொருளுக்காக மாநிலம் யாரையாவது உண்மையில் வழக்குப் போட்டதைக் காட்டு என்பார்கள். பல சமயம் காட்ட முடியாது. இதே பையனை அங்கே வழக்கு நடத்தினால் முதல் கேள்வியில் விடை மாறலாம். போதைப்பொருள் குற்றம் ஜாமீன் இல்லாமல் பிடித்துவைக்கும் பட்டியலில் இருக்கிறது, பல வருஷம் கழித்துப் பிடித்தாலும் செல்லும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், இப்போது அவன் வெளியே இருப்பது நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். பிடித்தால் எந்த மாநிலத்து முகாமுக்குக் கொண்டுபோவார்கள் என்பது நம் கையில் இல்லை. வக்கீலை இன்றே பாருங்கள் என்பதற்கு இதுவும் காரணம். குடியேற்ற நீதிமன்றத்தில் அரசாங்கச் செலவில் வக்கீல் கிடையாது.

அடுத்த சில வாரங்களுக்குச் சில விஷயங்கள். அவன் அமெரிக்காவை விட்டு வெளியே போகக் கூடாது, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றாலும். 30 கிராம் கஞ்சா விலக்கு உள்ளவர்களுக்குக்கூட இது பொருந்தும். அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை நாடுகடத்தத் தக்கவர் இல்லை, ஊருக்குப் போய்த் திரும்பினால் புதிதாக நுழைபவராகக் கருதி அதே கஞ்சாவுக்குத் தடுப்பார்கள். சென்னையில் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டு விமான நிலையத்திலேயே சிக்கிய ஒருவருக்காக நான் ஆஜராகியிருக்கிறேன். கலிபோர்னியாவில் கஞ்சா கடையில் பலகை வைத்து விற்கிறார்கள் என்பதும் நம்மை ஏமாற்றும். மத்தியச் சட்டத்தில் அது இன்னும் குற்றம், அதிகாரியிடம் "புகைத்திருக்கிறேன்" என்று ஒப்புக்கொள்வதே பிரச்சினை ஆகலாம். பையன் போனில் உள்ள படங்களைப் பற்றி வக்கீலிடம் பேசட்டும், அவனாக எதையும் அழிக்க வேண்டாம்.

மாநிலக் கோர்ட் கிளார்க்கிடம் போய், சான்றளித்த நகல்கள் வாங்குங்கள்: குற்றப்பத்திரிகை, திருத்தம் இருந்தால் அதுவும், ஒப்புதல் படிவம், அன்றைய நடவடிக்கைக் குறிப்பு, டிஸ்மிஸ் உத்தரவு. ஒப்புக்கொண்ட நாளின் உரையாடல் பதிவைத் தனியாகக் கேட்க வேண்டும். பழைய வக்கீலின் கோப்பையும் கேளுங்கள், அது பையனுக்குச் சொந்தம். கையில் வந்ததும் மருந்தின் பெயரையும் சட்டப் பிரிவின் எண்ணையும் மட்டும் இங்கே எழுதுங்கள், பையன் பெயர் வேண்டாம். அந்த இரண்டைப் பார்த்தபின் மேலே எழுதியதில் சிலவற்றை நான் திருத்த வேண்டி வரலாம்.